சிவப்புப் புள்ளி வைத்த மரங்கள்

காலை ஏழு மணிக்கு லாரி வந்து நின்றது. அறுப்பு மேஸ்திரியின் ஆட்கள் ரம்ப மெஷின்களை இறக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போதுதான் காட்டுக் குழுவின் செயலாளரான அவள் மரங்களைக் கவனித்தாள். வெட்ட வேண்டியவை என்று அவள் சிவப்புப் புள்ளி வைத்தது நாற்பது மரங்களுக்கு. இப்போதோ நடைபாதை நெடுக, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவப்புப் புள்ளி.

அந்தக் காட்டை ஊரே பார்த்துக்கொள்ளலாம் என்று வனத்துறை ஒரு காகிதம் கொடுத்திருந்தது. அதை வாங்க அவள் எட்டு வருஷம் நடையாய் நடந்திருக்கிறாள். வருஷத்துக்கு நாற்பது மரம், அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. கூடு உள்ள மரத்தைத் தொடவே கூடாது. மீறினால் காடு துறைக்கே திரும்பிப் போய்விடும். மரம் அறுப்பவர்கள், பறவை பார்ப்பவர்கள், நடக்க வருகிறவர்கள் என்று மூன்று கூட்டமும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, நாற்பது என்ற எண்ணுக்கு எல்லோரையும் தலையாட்ட வைப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

நடைக்குழுவின் தலைவர் வேறு யாருமில்லை, அவளுடைய சித்தப்பாதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஊருக்கு ஏதாவது நல்லது செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. போன் போட்டதும் கைத்தடியும் தொப்பியுமாக, முகமெல்லாம் பல்லாக வந்து சேர்ந்தார்.

"பார்த்தியாம்மா? ஞாயித்துக்கிழமை முழுக்க நின்னு வச்சேன். இனிமே ஒருத்தரும் வழி தப்ப மாட்டாங்க."

"ஏன் சித்தப்பா சிவப்பு?"

"உன் ஷெட்ல பாதி டப்பா மிச்சம் இருந்துச்சு. வீணாப் போகுதேன்னுதான்."

"வெட்டுற மரத்துக்குத்தான் சிவப்புன்னு கூட்டத்துல தொண்டை கிழியக் கத்துனேனே! முன்வரிசையில உட்கார்ந்து தலையாட்டுனீங்களே!"

"தலையாட்டுனேன். அன்னிக்குக் காது மிஷினை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்."

இதைச் சொல்வதில் அவருக்குத் துளிக்கூட வெட்கமில்லை. அவள் நோட்டைப் புரட்டினாள். மரத்தின் வகை, வயது எல்லாம் இருந்தது. கூடு, பொந்து என்ற கட்டத்தில் நாற்பது வரிக்கும் 'இல்லை' இருந்தது. மரம் எங்கே நிற்கிறது என்பது மட்டும் இல்லை. அதைத்தான் பெயின்ட் சொல்லப்போகிறதே என்ற நினைப்பு.

"அக்கா, நாளைக்கு எங்களுக்கு வேற காட்டுல வேலை. இன்னிக்கு விட்டா அடுத்த வருஷம்தான்" என்றார் மேஸ்திரி.

வேறு வழி இல்லை. சித்தப்பா தான் வைத்த புள்ளிகளைக் காட்ட வேண்டும், அவள் அவற்றின் மேல் வெள்ளை அடிக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிற மனிதரை நம்பி அவள் டப்பாவும் தூரிகையுமாக நடந்தாள்.

ஆனால் அவர் ஒன்றைக்கூட மறந்திருக்கவில்லை.

"இங்க மூச்சு வாங்குச்சு, நின்னேன், ஒண்ணு வச்சேன். இங்க முட்டி பிடிச்சுக்கிச்சு, அதனால ரெண்டு. இந்த மரத்துல சாய்ஞ்சுக்கிட்டுத்தான் மாத்திரை போட்டேன்."

முப்பதாவது மரத்தில் அவள் பல்லைக் கடித்தாள். "சித்தப்பா, உங்க முட்டியை விடுங்க. மரத்தை மட்டும் சொல்லுங்க."

"முட்டியை விட்டா மரம் ஞாபகம் வராதும்மா."

எழுபத்திரண்டு மரங்களுக்கு வெள்ளை அடித்து முடித்தபோது கை மரத்துப்போயிருந்தது. பாதை சுற்றி வந்து லாரி நின்ற இடத்திலேயே முடிந்தது. அங்கே பக்கத்தில் ஒரு பெரிய மரத்திலும் சிவப்புப் புள்ளி இருந்தது. சித்தப்பா அதைக் கண்டுகொள்ளவில்லை.

"இது?"

"இது நான் வச்சது இல்ல. உன்னுது."

"அப்பாடா" என்றார் மேஸ்திரி. "லாரிக்குப் பக்கத்துலயே இருக்கு. காலையிலயே இதுலதான் ஆரம்பிக்கலாம்னு இருந்தேன்."

அவள் தலையசைத்தாள். மெஷின் உறுமியது. சித்தப்பா கைத்தடியைக் குறுக்கே நீட்டினார்.

"இதையா வெட்டப் போறீங்க? பின்பக்கம் மரங்கொத்தி குஞ்சு பொரிச்சிருக்கே! காது கேக்காத எனக்கே அந்தக் கத்தல் கேட்டுச்சு. ஆளுங்க இங்க வந்து நின்னா பயப்படுமேன்னுதான் நான் இதை விட்டுட்டேன்."

மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு அவள் சுற்றிப் போய்ப் பார்த்தாள். இரண்டு ஆள் உயரத்தில் வட்டமாக ஒரு பொந்து. அதற்குள் தாய்ப்பறவை தலையை விட, குஞ்சுகள் வீறிட்டன.

அவள் புள்ளி வைத்த அன்றைக்கு மழை. ஒரு கையில் குடை, ஒரு கையில் தூரிகை. பின்பக்கம் பத்தடி நடக்கச் சோம்பல்பட்டு, பாதையில் நின்றபடியே 'இல்லை' என்று எழுதியிருந்தாள். சித்தப்பா அந்தக் கூத்தை அடித்திராவிட்டால் ஏழரை மணிக்கே இந்த மரம் விழுந்திருக்கும். எட்டு வருஷமும் அதோடு விழுந்திருக்கும். அவளுக்குக் காலையிலிருந்து அவரைத் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். "இதையும் நான் வச்சதாவே சொல்லிடு. திட்டுதான் ஏற்கெனவே வாங்கியாச்சே."

அவள் தன் புள்ளியின் மேல் தானே வெள்ளை அடித்தாள். நோட்டில் வகையும் வயதும் ஒத்துப்போன இருபத்து மூன்றாம் வரியில் 'இல்லை'யை அடித்துவிட்டு 'உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"மீதி முப்பத்தொன்பதையும் சுத்தி வந்து பார்க்காம மெஷினைத் தொடக் கூடாது" என்றதும் மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சித்தப்பா, கூட வர்றீங்களா?"

"வரேன். ஆனா நடுநடுவுல நிப்பேன்."

"நில்லுங்க" என்றாள்.