மிச்சச் சாந்து

சுவருக்கு அந்தப் பக்கம் மகள் சிரிப்பது கேட்டது. இந்தப் பக்கம் உட்கார்ந்து தன் காலைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டிருந்த பெரியவளுக்கு வயிறு எரிந்தது. அப்படி என்னதான் சொல்லிச் சிரிக்க வைக்கிறாள் அந்தச் சின்னவள்? இங்கே இருக்கும்போது கேட்டதற்கு ஒரு 'ம்', கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. அங்கே போனால் மட்டும் வாயெல்லாம் பல்.

பெரியவளும் சின்னவளும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர், ஆளுக்கொரு பாதி, தலைக்கு மேல் பொதுவாய் ஒரு மொட்டை மாடி. பெரியவள் மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு இருட்டுகிற நேரத்துக்கு வீடு வந்து சேருவாள். சின்னவள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் மேல்தான். ஆக, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்குச் சித்தி வீட்டுக் கதவு எப்போதும் திறந்தே கிடந்தது.

முதலில் அதற்கு ஒரு காரணமாவது இருந்தது. மழை பெய்தால் பிள்ளையின் படிப்பு மேசைக்கு நேர் மேலே சொட்டும். அடியில் ஒரு பக்கெட்டை வைத்துவிட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனவள், மழை விட்ட பிறகும் வரவில்லை. அப்புறம் மழையே இல்லாத நாளிலும் போனாள். சித்தி மாதிரியே தலை பின்னிக்கொண்டாள். எதற்கெடுத்தாலும் 'சித்தி சொன்னாங்க.' ஒருநாள் சாப்பிடும்போது, "சித்தி வீட்டு ஒழுகல சித்தியே வீடியோ பாத்துப் பூசிட்டாங்கம்மா. ஆளே கூப்பிடல, தெரியுமா?" என்று கண்ணை அகல விரித்தாள்.

பெரியவள் தம்ளரை ணங்கென்று வைத்தாள். "அது என்ன பெரிய கம்பசூத்திரமா?"

"அப்ப நீயும் பண்ணேன்" என்றாள் மகள், தட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

புருஷனிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. "ஆள் பாத்துட்டுதான் இருக்கேன்" என்பார். அவர் ஆள் பார்க்க ஆரம்பித்து வருஷக்கணக்காகிறது, இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவள் ஹார்டுவேர் கடைக்குப் போய் நின்றாள். சிமெண்ட், மணல், ஒழுகலுக்கு ஊற்றிக் கலக்கும் மருந்து, பூசுகிற கரண்டி எல்லாம் கேட்டாள். "கொத்தனார் வரலையாக்கா?" என்றார் கடைக்காரர். "நான்தான் கொத்தனார்." அவர் சிரித்துவிட்டு எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். "வாட்டம், அதான் சரிவு, பாத்துப் பூசுங்கக்கா. தண்ணி ஓடுற வழியில மேடு விழுந்துடுச்சுன்னா அது வேற எங்கயாவது போய் உக்காந்துக்கும்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார்.

மாடியில் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனாள். டொப் டொப்பென்று பொள்ளலாய்ச் சத்தம் வந்த இடத்தையெல்லாம் உளியால் கொத்திப் பெயர்த்தாள். ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் வந்தது. கூட்டிக் கழுவி, சிமெண்ட் பால் ஊற்றி, சாந்தை வைத்து அழுத்தித் தேய்த்தாள். இடுப்பு ஒடிந்தது, உள்ளங்கை கொப்பளித்தது, ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குஷி. இனிமேல் மேசைக்கு மேல் சொட்டு விழாது. பிள்ளைக்கு அங்கே போகச் சாக்கும் இருக்காது.

பூசி முடித்தும் சட்டியில் சாந்து மிச்சம் இருந்தது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. மாடித் தண்ணீர் வெளியே போக ஒரே ஒரு குழாய்தான், அதுவும் பெரியவள் பக்கத்து மூலையில். சின்னவள் தலைமேல் பெய்கிற மழையும் பெரியவள் தலைமேல் ஓடித்தான் வெளியேற வேண்டும். அவள் தண்ணீர் ஓடி ஓடித்தானே என் தளம் விரிசல் விட்டது என்று பெரியவளுக்கு வெகுநாளாக ஒரு கடுப்பு. மிச்சச் சாந்தை வீணாக்குவானேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பூச்சின் ஓரத்தோடு சேர்த்து, இரண்டு பாதிக்கும் நடுவே நீளமாக ஒரு வரப்பு கட்டினாள். கடைக்காரர் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. வந்ததை அவள் கண்டுகொள்ளவில்லை. மேலே ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு இறங்கிவிட்டாள்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பெரியவள் கடையில் சொல்லிவிட்டுச் சீக்கிரமே ஓடி வந்தாள். மேசையைத் துடைத்து விளக்கைப் போட்டு, "பாப்பா, இங்க வந்து பாரேன்" என்று குரல் கொடுத்தாள். மகள் வந்து அண்ணாந்து பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. "அட!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெரியவளுக்கு உச்சி குளிர்ந்தது.

அடுப்பில் வைத்த பால் காய்வதற்குள் அந்தப் பக்கம் "ஐயையோ!" என்று சத்தம். மகள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பறந்தாள். பெரியவள் பின்னாலேயே போய்ப் பார்த்தால், சின்னவளின் மிஷின் மேல் தண்ணீர் தாரையாய் இறங்கிக்கொண்டிருந்தது. தைக்கக் கொடுத்த துணியையெல்லாம் மார்போடு அணைத்தபடி சின்னவள் நின்றாள். "நல்லாத்தான் பூசினேன், ஏன் இப்படி ஆச்சுன்னே தெரியலையே" என்று அழாக்குறையாகச் சொன்னாள்.

"நம்ம பக்கம் வாங்க சித்தி! எங்கம்மா பூசினதுல ஒரு சொட்டு ஒழுகல, தெரியுமா?" என்றாள் மகள்.

எங்கம்மா. இந்த ஒரு சொல்லுக்குத்தானே பெரியவள் இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தாள். அது வந்த நேரத்தில் அவளால் தலை நிமிர முடியவில்லை.

மூன்று பேருமாக மிஷினைத் தூக்கிவந்து மேசைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். "என் பக்கமும் நீங்களே பூசிக் குடுத்துடுங்கக்கா. உங்க கை ராசி எனக்கு இல்ல" என்றாள் சின்னவள் நிஜமாகவே. பெரியவள் சட்டென்று திரும்பிப் பால் எடுத்து வரப் போனாள். திரும்பி வருவதற்குள் அறையில் சிரிப்புச் சத்தம். மிஷினுக்குத் துண்டால் தலை துவட்டிவிடுகிறார்களாம் இரண்டு பேரும். என் வீட்டில், என் விளக்குக்குக் கீழே, நான் ஒழுகாமல் பூசிவைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு!

தம்ளர்களை வைத்துவிட்டு உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு மழையிலேயே மாடி ஏறினாள். செய்த பாவம் உறுத்தி ஏறினாளா, சின்னவள் வீடு காய்ந்தால் மிஷினோடு கிளம்பிப் போவாளே என்று ஏறினாளா என்று கேட்டால், இரண்டும்தான். அந்தப் பக்கம் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வரப்பில் முட்டிக்கொண்டு நின்றது. ஓங்கி நாலு போடு போட்டாள். ஒரே பூச்சாய்ப் பூசியதல்லவா, வரப்போடு சேர்ந்து புதுப் பூச்சின் ஓரமும் பெயர்ந்துகொண்டு வந்தது. தண்ணீர் தபதபவென்று அதன் மேலேயே ஓடிக் குழாய்க்குள் இறங்கியது.

அவள் இறங்கி வரும்போது மேசைமேல் பழையபடி சொட்டிக்கொண்டிருந்தது. சின்னவள் தன் பக்கத்தைப் பார்க்கப் போயிருந்தாள். "அக்கா, இங்க நின்னுடுச்சு! எல்லாரும் இங்கயே வந்துடுங்க" என்று அங்கிருந்து கத்தினாள்.

மகள் புத்தகத்தை அள்ளிக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள். அம்மாவின் கையில் உளி. முந்தானையெல்லாம் சிமெண்ட் சேறு.

"மாடிக்கா போன?"

"வரப்பு கட்டிட்டேன் பாப்பா. அவ தண்ணி இந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு."

"தெரிஞ்சேவா?"

பெரியவள் தலையை ஆட்டினாள். "நீ எப்பப் பாரு அங்கயே இருக்க. எனக்குப் பொறுக்கல."

மகள் புத்தகத்தைக் கட்டில்மேல் போட்டுவிட்டு, இன்னொரு பக்கெட்டைக் கொண்டுவந்து சொட்டுக்கு நேராக வைத்தாள். "நீ வந்ததும் தலைவலி, பேசாம இருன்னு படுத்துக்குவ. நான் யார்கூடப் பேசறது?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் சொல்லிக்கொண்டே துண்டை எடுத்து அம்மாவின் தலையில் போட்டுப் பரபரவென்று தேய்த்தாள். வலித்தது. பெரியவள் அசையவில்லை.

"மழை விட்டதும் மறுபடி பூசு. நான் வாட்டம் பாக்கறேன்."

"சரி."

"சித்தியையும் கூப்பிடட்டுமா?"

துண்டுக்குள்ளே பெரியவளின் முகம் சுருங்கியதை நல்லவேளையாக யாரும் பார்க்கவில்லை. சொட்டுகள் ஒவ்வொன்றாய்ப் பக்கெட்டில் விழுந்துகொண்டிருந்தன. மகள் கையை நிறுத்திக் காத்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடு" என்றாள் பெரியவள். "ஆனா கரண்டி என் கையிலதான் இருக்கும்."