டீக்கறை எங்கே?

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முதியோர் இல்லம் ஒன்றின் சேர்க்கைப் படிவம், நான்காம் பக்கம். பெயர், வயது, ரத்த வகை, மாத்திரைகள் எல்லாவற்றையும் மளமளவென்று நிரப்பிவிட்டேன். கடைசியில் ஒரு பெரிய கட்டம், அதற்குள் பன்னிரண்டு வெற்றுக் கோடுகள். தலைப்பில் இப்படி இருந்தது: 'சேர்க்கப்படுபவரைப் பற்றி எங்கள் ஊழியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்.'

சொந்த வார்த்தைகளில் எழுதுவதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. [பாதிப் பிழைப்பு. மீதிப் பாதியைப் பிறகு சொல்கிறேன்.] ஆனாலும் பேனா நகரவில்லை. 'என் அத்தை மிகவும்' என்று எழுதி அடித்தேன். 'என் அத்தைக்கு யாரும்' என்று எழுதி அதையும் அடித்தேன். அப்புறம் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். வரவேற்பு மேசைப் பெண் எட்டிப் பார்த்து, "மேடம், பின்னாடியெல்லாம் எழுதக் கூடாது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இன்னொன்று. இது நிம்மதியில் முடிகிற கதை. வாசலில் நின்று கையசைக்கும் முதியவர், திரும்பிப் பார்க்காமல் போகும் கார், அதற்குள் ஒரு விம்மல், இதற்காக வந்தவர்கள் இப்போதே எழுந்து போனாலும் எனக்கு வருத்தமில்லை.

2

தொடக்க வரி. மூன்று எழுதிப் பார்த்தேன்.

'அன்று மழை பெய்துகொண்டிருந்' – பெய்யவில்லை. நல்ல வெயில்.

'வாழ்நாள் முழுவதும் பிறருடைய அழுக்கைத் துவைத்த கைகள் இன்று' – அத்தை படித்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அவர் துவைத்ததே இல்லை, துவைக்க வைத்தார். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவுக்கு முப்பத்தொரு வருடம் மேற்பார்வையாளர்.

மூன்றாவது வரி நிற்கிறது: அத்தை இரண்டாவது முறை விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவில்.

அத்தைக்கு எழுபத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரோடு இருப்பவன் அவருடைய அண்ணன் மகன். [இவன் எங்கிருந்து வந்தான் என்பதை நான்காம் பகுதியில் பேசுவோம்.] அம்மாவும் அப்பாவும் போன பிறகு ஒன்பது வயதில் ஒரு பையோடு அத்தை வீட்டுக்கு வந்தவன், இப்போது நாற்பத்தாறு. பேருந்துக் கழகத்தில் கால அட்டவணை போடுகிற வேலை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்தபோது அத்தை தரையில் கிடந்தார். மூன்று மணி நேரமாக அப்படியே கிடந்ததாக அவன் டாக்டரிடம் சொன்னான்.

"மூணு இல்ல, ரெண்டே முக்கால்" என்றார் அத்தை, ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு.

இனித் தனியாக விடக் கூடாது என்றார் டாக்டர். வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்தார். தரை துடைக்கும் துணியைச் சரியாகப் பிழியவில்லை என்று நான்காம் நாள் அத்தை அவரை அனுப்பிவிட்டார். அடுத்து வந்தவர் அனுப்புவதற்கு முன்னாலேயே போய்விட்டார். அவனுக்கு அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. ஒரு நாளைக்கு ஆறு தடவை போன் செய்து, "அத்தை, இருக்கீங்களா?" என்று கேட்டான்.

முதியோர் இல்லங்களின் விளம்பரத் தாள்களை வாங்கி வந்து, பழைய செருப்புப் பெட்டியில் ஒளித்து வைத்தான். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஒன்பது வயதில் தன்னை உள்ளே சேர்த்துக்கொண்டவரிடம் போய், 'உங்களை வெளியே' – இந்த வாக்கியத்தை அவனாலும் முடிக்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. வேண்டாதவராகிவிட்டோம் என்று அத்தை ஒரு நிமிடம் நினைத்தாலும் போதும், தன்னால் தாங்க முடியாது என்று பயந்தான்.

ஒரு நாள் காலையில் பதினோரு தாள்களும் சாப்பாட்டு மேசை மேல் இருந்தன. அளவு வாரியாக, ஓரம் பிசகாமல் அடுக்கப்பட்டு.

"போட்டோவப் பாத்து என்னடா தெரியும்?" என்றார் அத்தை. "நேர்ல போயி துணியப் பாக்கணும்."

3

அவன் துணியைப் பார்க்கவில்லை, அட்டவணை போட்டான். பதினோரு இல்லங்கள், பதினான்கு கட்டங்கள்: டாக்டர் வரும் நாள், குளியலறையில் கைப்பிடி, தோட்டம், வீட்டிலிருந்து எத்தனை நிமிடம். ஒரு வண்டிகூடத் தாமதமாக வராத அட்டவணை. முதல் இடத்தில் வந்த இல்லத்துக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்குக் கண்ணாடி வீடு என்றே பெயர் வைத்துக்கொள்வோம்.

டை கட்டிய மேலாளர் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினார். அத்தை கைத்தடியை ஊன்றிக்கொண்டு, அறைகளைத் தாண்டி, துணி அலமாரிக்கு நேராகப் போனார். ஒரு விரிப்பை உருவி விரித்தார். பளிச்சென்ற வெள்ளை. இன்னொன்று. அதுவும் வெள்ளை. ஏழு விரிப்பு பார்த்தார்.

"டீக்கறை எங்க?" என்றார்.

மேலாளருக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்ககிட்ட கறையே கிடையாதும்மா. டீ காலைல ஏழரைக்கு, சாயந்தரம் நாலு மணிக்கு. சாப்பாட்டு ஹால்ல மட்டும்தான்."

அத்தை விரிப்பை மடித்து வைத்தார். வெளியே வந்ததும், "இது வேணாம்" என்றார்.

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

அவனுக்கு வந்ததே கோபம். மூன்று வாரமாக ஒரு நாள்கூட ஒழுங்காகத் தூங்காதவன். வாசல் என்றும் பார்க்காமல் கத்திவிட்டான். "எதுவுமே பிடிக்காதுன்னு முடிவு பண்ணிட்டு வந்தா நான் என்னதான் பண்றது? வேலைய விட்டுட்டு உங்க பக்கத்துலயே உக்காந்துக்கட்டுமா?"

அத்தை கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார். இரண்டு நாள் அந்த வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

4

இங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. இந்த அண்ணன் மகன்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

இதுவரை எழுதியதை அடித்தல் திருத்தல் இல்லாமல் பிரதி எடுத்து, போன வாரம் அத்தையிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகப் படித்தார்.

"யாருடி இவன்?" என்றார்.

"கதைக்காக, அத்தை."

"எனக்கு அண்ணன் மகன் கிடையாதே. ஒரே ஒரு அண்ணன் மக. அதுவும் வாய் நீளம்."

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். சரி, சொல்கிறேன். அவன் நான்தான். கால அட்டவணை போடுவது நான், வாசலில் கத்தியதும் நான். ஏன் ஆணாக மாற்றினேன் என்றால், ஓர் ஆண் தன் அத்தையை இல்லத்தில் சேர்த்தால், பாவம், அவனும் என்ன செய்வான் என்பீர்கள். ஒரு பெண் சேர்த்தால், ஏன், இவளால் பார்த்துக்கொள்ள முடியாதா என்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. அந்தக் கேள்வியை மூன்று வாரமாக நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதிலிருந்து தப்பிக்க ஒரு சட்டையை மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

"மத்தபடி நல்லாத்தான் இருக்கு" என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தார் அத்தை. "வெளுத்து, மடிச்சு, அலமாரில வெச்ச மாதிரி."

அது பாராட்டு இல்லை. ஏன் இல்லை என்பது அடுத்த பகுதியில் தெரியும். அன்றைக்குத்தான் அடித்த வரிகளைத் திரும்பவும் அதனதன் இடத்தில் சேர்த்தேன். அவனையும் அழிக்காமல் விட்டிருக்கிறேன். இனி அவள். 'நான்' என்று எழுதினால் கை இன்னும் தயங்குகிறது.

5

மூன்றாம் நாள் காலையில் அத்தைதான் வாயைத் திறந்தார். "அந்த லிஸ்ட்ல ஒம்பதாவது என்ன எடம்?"

ஒன்பதாவது இடத்துக்கு அவள் அட்டவணையில் பாதிக் கட்டங்கள் காலி. நேரில் போனால் தோட்டம் இல்லை, நான்கு தொட்டிச் செடிகள். சுவரில் பச்சை வண்ணம் இரண்டு விதமாக அடித்திருந்தது, நடுவில் டப்பா தீர்ந்துபோயிருக்க வேண்டும். கூடத்தில் டிவி ஊருக்கே கேட்கிற மாதிரி அலறியது. அதன் முன்னால் இரண்டு பேர், எந்த சேனல் என்பதில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் மனதுக்குள் 'இல்லை' என்று எழுதிவிட்டாள்.

திரும்பிப் பார்த்தால் அத்தையைக் காணோம்.

பின்கட்டில், 'ஊழியர்கள் மட்டும்' என்ற பலகைக்கு அந்தப் பக்கம், சலவை அறையில் இருந்தார். அழுக்குத் துணி மலைபோல் குவிந்திருந்தது. ரப்பர் பூட்ஸ் போட்ட சலவைக்காரப் பெண் இடுப்பில் கை வைத்து நிற்க, அத்தை ஒரு விரிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில், தட்டு அகலத்துக்கு ஒரு டீக்கறை.

"இது யாரோடது?"

"மாடில ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும்மா. படுத்துக்கிட்டேதான் டீ குடிப்பாரு."

"யாரும் திட்ட மாட்டீங்களா?"

"டீ குடிக்கிறதுக்கு எதுக்குத் திட்டணும்? நாங்க துவைச்சுடறோம்."

அத்தை விரிப்பை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். அப்புறம் அடுத்தது. தலைச்சாயம் ஒட்டிய தலையணை உறை, லிப்ஸ்டிக் தீற்றிய துண்டு, பேனா கசிந்த சட்டை, இன்னும் நான் எழுத வேண்டாத சில. ஒவ்வொன்றையும் மோந்தார். முப்பத்தொரு வருட மூக்கு. எது நேற்றையது, எது நாலு நாள் ஊறிக் கிடந்தது என்று அதற்குத் தெரியும்.

"எல்லாம் இன்னிக்குக் கறை" என்றார் மெதுவாக. பிறகு வழக்கமான குரலுக்கு வந்தார். "ஆனா ரத்தத்தையும் பாலையும் எடுத்த எடுப்புல வெந்நீர்ல போடறீங்க. கறை உக்காந்துக்கும். மொதல்ல பச்சத் தண்ணி."

"அதத்தாம்மா நானும் தொண்ட வத்தக் கத்தறேன்! மெஷின் ஓட்டறவன் கேட்டாத்தானே!"

அடுத்த கால் மணி நேரம் அந்த மெஷின் ஓட்டுபவரின் தலை உருண்டது. அவள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை இவ்வளவு பேசி எத்தனை நாளாகிவிட்டது.

"அந்தக் கண்ணாடி வீட்ட ஏன் வேணாம்னேன் தெரியுமா?" அத்தை அவள் பக்கம் திரும்பினார். "எழுவது பேர் படுக்கிற எடத்துல ஒரு டீக்கறகூட இல்லன்னா என்னடி அர்த்தம்? யாருக்கும் அவங்கவங்க நினைக்கிற நேரத்துல ஒரு வாய் டீ கெடையாதுன்னு அர்த்தம். இங்க எல்லாரும் இருக்காங்க. நானும் இங்கயே இருந்துக்கறேன்."

அவள் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த கூடைமேல் உட்கார்ந்தாள் – உட்கார்ந்தேன். நான்தான் உட்கார்ந்தேன். நெஞ்சில் மூன்று வாரமாக உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போனது. அடுத்த நொடியே, இப்படி நிம்மதிப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டாலும் நிம்மதி குறையவில்லை.

"அழறியா?"

"இல்ல அத்தை. நிம்மதியா இருக்கு. தப்புதான்."

"என்ன தப்பு? எனக்குந்தான் நிம்மதி" என்றார். "ரெண்டே முக்கால் மணி நேரம் தரையில கெடந்தேனே, அப்ப விழுந்தத நினைச்சு பயப்படல. கதவத் தொறந்ததும் உன் மொகம் எப்படிப் போகும்னுதான் பயந்தேன். அதுக்கப்புறம் நாளைக்கு ஆறு தடவ போன் பண்ணி 'இருக்கீங்களா, இருக்கீங்களா'ன்னா, நான் எப்படிடி இருக்கிறது? பாத்ரூமுக்குப் போனாக்கூட கதவத் தொறந்து வெய்ங்கறே. இங்க யாராச்சும் இருப்பாங்க. நீ வேலையப் பாரு."

அவரை அனுப்புகிறேனே என்று நான் தூங்காமல் இருந்த அதே மூன்று வாரமும், என்னிடமிருந்து எப்படிக் கழன்றுகொள்வது என்று அத்தை யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

6

முடிவுகள்.

(அ) அத்தை சலவை அறையைத் தலைகீழாகச் சீர்திருத்துகிறார், எல்லாரும் கைதட்டுகிறார்கள். இது சினிமா. மெஷின் ஓட்டுபவர் இன்னும் வெந்நீர்தான்.

(ஆ) நான்காம் நாள் போன் வருகிறது. "என்னக் கூட்டிட்டுப் போயிடுடி." இதை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். சந்தேகம் வருகிற அளவுக்கு நன்றாக வந்தது. படித்து என் கண் கலங்கியது, கலங்கியதில் எனக்கே ஒரு திருப்தி. கிழித்துப் போட்டுவிட்டேன்.

(இ) நடந்தது. படிவத்தின் அந்தப் பன்னிரண்டு கோடுகளைக் கடைசியில் அத்தையிடமே நீட்டினேன். முதல் கோட்டில் மட்டும் எழுதினார்: 'கேட்டால் சொல்வேன்.' மீதிப் பதினொன்றும் காலி. வரவேற்பு மேசைப் பெண் அப்படியே முத்திரை குத்தினார். இன்றோடு ஐந்து வாரம். போன் செய்தால், "இப்ப பேச நேரமில்ல, சேனல் சண்டை நடக்குது" என்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அத்தை கூடத்தில் இருந்தார். அறையில் அவர் கட்டில் விரிப்பின் ஓரத்தில், தலைமாட்டுக்குக் கொஞ்சம் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டீக்கறை.

முப்பத்தேழு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அத்தை படுக்கையில் டீ குடித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் அனுமதி கிடையாது.

கை நடுங்கிச் சிந்தியதா? அல்லது தலையணையைச் சாய்த்து வைத்து, காலை நீட்டி, வாத்தியாரைப் போல நிதானமாகக் குடித்ததா? இந்தக் கதையின் முடிவு அதில்தான் இருக்கிறது. குனிந்து மோந்து பார்த்தேன். இன்றைய கறைதான். அதற்குமேல் என் மூக்குக்குத் தெரியவில்லை.

கேட்டால் சொல்வார். நான் கேட்கவில்லை. கூடத்துக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த சேனல் என்று விசாரித்தேன்.

தெரிந்தே ஆக வேண்டும் என்றால் நீங்களே போய்க் கேளுங்கள். பார்வையாளர் நேரம் நான்கிலிருந்து ஆறு. டீ வாங்கிக்கொண்டு போக வேண்டாம். அங்கே எப்போது கேட்டாலும் தருவார்கள்.