ஒரு கரண்டிக் குரல்

பிரார்த்தனைக் கூடத்தில் பிரசங்கத்துக்கு ஏறும் முன் சபைப் பெரியவர் ஒரு டம்ளர் வெந்நீரில் தேன் கலந்து குடிப்பார். அதைக் கொண்டுவந்து கொடுப்பதும், கூடத்தைக் கூட்டித் துடைப்பதும், குரல் அறையின் புட்டிகளுக்குத் தூசி தட்டுவதும் ஒருத்தியின் வேலை. ஊர் அவளை வெந்நீர்க்காரி என்று கூப்பிட்டது. அவள் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி யாரும் கேட்டதில்லை. நல்ல பெண்ணுக்கு அதுதான் லட்சணம் என்று சபை மெச்சிக்கொண்டது.

குரல் அறை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் ஏதாவது கெட்டது நடக்கும் என்று சொல்லி, அது நடந்தும் தொலைத்தால், அவள் கருநாக்குக்காரி, அதாவது சூனியக்காரி. சபை அவளைக் கொல்லாது. சபைக்குக் கருணை உண்டாம். வாயருகே ஒரு புட்டியைப் பிடித்து, அவள் பெயரை மூன்று முறை சொல்லச் சொல்வார்கள். மூன்றாவது முறை குரல் வாயை விட்டு இறங்கிப் புட்டிக்குள் தண்ணீராகத் தேங்கும். மூடி அரக்கு வைத்து அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். அப்படி நாற்பது புட்டிகள். பழையதெல்லாம் வற்றி, அடியில் கறைதான் மிச்சம். ஒன்றில் மட்டும் இன்னும் ஒரு கரண்டி இருந்தது. அது வெந்நீர்க்காரியின் அக்கா குரல்.

அக்கா செய்த பாவம் இதுதான். பொதுக்கிணற்றுக்குப் பத்தடி தள்ளிச் சபை தன் கழிவுக்குழியைத் தோண்டியபோது, "இந்தத் தண்ணி கெட்டுப்போகும், குழந்தைங்களுக்கு ஆகாது" என்றாள். தண்ணீர் கெட்டது. குழந்தைகளுக்கும் ஆகவில்லை. இதைச் சொல்ல நாக்கில் சூனியம் எதற்கு, முகத்தில் மூக்கு இருந்தால் போதாதா? கேட்க ஓர் ஆண்பிள்ளைக்கும் வாய் வரவில்லை. சாட்சி வேண்டியிருந்தது. பெரியவர் தங்கையைக் கூப்பிட்டு, "நீ சொல்றியா, இல்ல உன்னையும் சேத்துக்கவா?" என்றார். தங்கை வீட்டில் தகப்பன் இல்லாத மகள் ஒருத்தி இருந்தாள். அக்கா கிணற்றடியில் மந்திரம் முணுமுணுத்ததைக் கண்ணால் கண்டேன் என்று தங்கை சொன்னாள். பச்சைப் பொய். குரல் போன அக்கா எட்டு மாதம் இருந்தாள். தங்கை கொண்டுபோன சாப்பாட்டைக் கடைசி வரை தொடாமலே செத்தாள்.

இது நடந்து மூன்று வருஷம். இப்போது அந்தப் பெண்ணே மாட்டிக்கொண்டாள். சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவள். சாயம் காய்ச்சும் கொப்பரையில் விரிசலைப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு நாள் தாங்காது" என்று மேஸ்திரியிடம் சொன்னாள். இரண்டாம் நாள் அது வெடித்து இரண்டு பேர் வெந்துபோனார்கள். கருநாக்கு ரத்தத்தில் வருவது என்பது சபையின் சட்டம். பெரியம்மா கருநாக்கு, ஆகவே மகளும் கருநாக்கு. மறுநாள் பிரசங்கம் முடிந்ததும் குரலை எடுப்பதாக முடிவாயிற்று.

வெந்நீர்க்காரி பெரியவர் காலில் விழுந்தாள். "அன்னைக்கு நான் சொன்னது பொய்ங்க. அக்கா ஒண்ணும் பண்ணல. என் குரலை எடுத்துக்குங்க, புள்ளைய விட்டுடுங்க."

பெரியவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "பெத்த பாசத்துல பேசற. குடுத்த சாட்சியை மறுக்கற உரிமை குத்தவாளிக்குத்தான் உண்டு. உன் அக்கா வந்து மறுக்கட்டும், நீயும் சபையில ஒத்துக்க. உன் புள்ள வழக்கையும் தள்ளிடறேன்." சொன்னவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கூடத்தின் சாவிகளை வைத்திருக்கும் சாவிக்காரரும் பக்கத்திலிருந்து சேர்ந்து சிரித்தார்.

காலையில் அவள் அக்கா புட்டியின் அரக்கை உடைத்தாள். புட்டியைத் தேன் வெந்நீரில் கவிழ்த்தாள். பெரியவருக்கு அவள் பயப்படவில்லை, அக்காவுக்குத்தான் பயந்தாள். மூன்று வருஷம் அடைபட்டுக் கிடந்த கோபம் அது. உன் மகளும் ஊமையாகட்டும் என்று அந்த வாய் சொல்லிவிட்டால்? ஆனாலும் கலக்கினாள்.

"இன்னைக்குத் தேன் கசக்குதே" என்றபடி பெரியவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு மேடை ஏறினார். ஆண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் மரத்தட்டிக்குப் பின்னால். கூடத்தில் அவர்கள் மூச்சுவிடலாம், பேசக்கூடாது. மகளைக் கைகட்டி மேடையோரம் நிறுத்தியிருந்தார்கள்.

பெரியவர் வாய் திறந்தார். கரகரத்த ஒரு பெண் குரல் வந்தது.

"கிணத்துப் பக்கத்துல குழி வெட்டுனா தண்ணி நாறும். இதைத்தான் சொன்னேன். மந்திரமும் இல்ல, மண்ணும் இல்ல."

அது அக்காவின் கரகரப்பு என்று ஊருக்கே தெரிந்தது. பெரியவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார்; குரல் விரலிடுக்கில் வந்தது.

"என் தங்கச்சி சொன்னது பொய். அவளை நான் மன்னிக்கல. சாகறப்பவும் மன்னிக்கல. அந்தப் புள்ளைய விடுங்க."

அத்தோடு ஒரு கரண்டியும் தீர்ந்தது. பெரியவர் இருமினார், சொந்தக் குரல் திரும்பியது. "சூனியம்! இந்தப் பொண்ணு வேலை. புட்டியை எடுங்க."

தட்டிக்குப் பின்னால் வெந்நீர்க்காரி எழுந்தாள். அழுதுகொண்டே பேசினாள். "குத்தவாளி மறுத்தாச்சு. சாட்சி சொன்னவ நான், பொய்னு ஒத்துக்கறேன். நேத்து நீங்க சொன்ன வார்த்தைதான். சாவிக்காரரைக் கேளுங்க."

எல்லாரும் சாவிக்காரரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தபடி, "சொன்னாருதான்" என்றார்.

மகளின் கைக்கட்டை அவிழ்த்தார்கள். ஆனால் அரக்கை உடைத்தவளைச் சபை சும்மா விடுமா? மகளுக்கு எடுத்த புட்டியையே அம்மாவின் வாயருகே கொண்டுவந்தார்கள். அவள் தன் பெயரை ஒரு முறை சொன்னாள். இரண்டாம் முறையும் சொன்னாள். மூன்றாம் முறை பெயரைச் சொல்லவில்லை. தலையை நிமிர்த்தி, எல்லாருக்கும் கேட்கும்படி, "மேல இருக்கிற உத்தரம் முழுக்கச் செல்லரிச்சுப் போச்சு. தினம் அந்தத் தூளைக் கூட்டி அள்ளறவ நான். இன்னைக்குப் பொழுது தாண்டாது" என்றாள்.

பெயரோ வேறு பேச்சோ, மூன்றாம் முறை வாய் திறந்தாயிற்று; குரல் புட்டிக்குள் இறங்கிவிட்டது. உதடு மட்டும் அசைந்தது.

மகள் அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். தட்டிக்குப் பின்னாலிருந்த பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் எழுந்து, கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, அவர்கள் பின்னால் வெளியேறினார்கள். ஆண்கள் மேலே பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஒரு பெண்பிள்ளை பேச்சை நம்பியதாக ஆகிவிடும் அல்லவா? பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பிரசங்கத்தை ஆரம்பித்தார்.