மெத்தைக்காரர் தூங்கிப்போன வீடு

"படுத்துப் பார்த்தாராம்ல, படுத்து! எவ வீட்டு மெத்தையில யாரு படுத்துப் பார்க்கிறது?"

"என் மெத்தைடி அது. நான் தைச்சது. கொண்டுபோய்ப் போட்டா ஒரு தடவை படுத்துப் பார்த்துட்டுத்தானே குடுப்பேன்? உனக்குத் தெரியாதா?"

"படுத்துப் பார்த்தவர் எந்திரிக்கணும்ல! சாப்பிட்ட கையோட போனவர் தெருவிளக்கு எரியுற வரைக்கும் படுத்தா பார்ப்பீங்க? வாசல்ல உங்க செருப்பு கிடந்ததை ஊரே பார்த்திருக்கு!"

நான் ஒட்டுக் கேட்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது, அவர்களுடையதும் என்னுடையதும். மெத்தைக்கடைக்காரரின் வீடு எங்கள் வீட்டுக்கு எதிரே. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகிற அகலம்தான். காதைப் பொத்திக்கொண்டு வாழ முடியுமா?

அவரை நாங்கள் நெட்டை என்போம். நிலைப்படி தாண்டும்போது தானாகக் குனிகிற உயரம். உடம்பில் பாதிக்கு மேல் கால்தான். அந்த அளவுச் செருப்பு எங்கள் தெருவில் வேறு காலுக்குக் கிடையாது. அதனால்தான் மாட்டிக்கொண்டார். மற்றவன் செருப்பாக இருந்தால் யாருடையது என்று நாங்கள் ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டிருப்போம்.

செருப்பு கிடந்தது தெருக்கோடி மாடிவீட்டு வாசலில். அங்கே தனியாகக் குடியிருப்பவள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ராத்திரி ஷிப்ட். பகலில் தூங்க நல்ல மெத்தை வேண்டுமென்று நெட்டையிடம் சொல்லியிருந்தாள். நெட்டையின் தொழில் சுத்தம் அப்படி: மெத்தையைக் கட்டிலில் போட்டதும் தானே நீட்டிப் படுத்து, இடுப்பு எங்கே அமுங்குகிறது, தோள் எங்கே இடிக்கிறது என்று பார்க்காமல் ஒப்படைக்க மாட்டார். கடையிலும் அதே கதைதான். கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பண்ணியதைவிட, காட்சிக்குப் போட்ட மெத்தையில் குறட்டை விட்டதே அதிகம். வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்து, "கடைக்காரரே மயங்கிக் கிடக்கிறாரே, நல்ல சரக்காத்தான் இருக்கும்" என்று வாங்கிப் போனார்கள். சோம்பேறி என்று நாங்கள் சிரித்தோம். விளம்பரம் என்றும் சிரித்தோம்.

அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் மனைவி பெட்டியை எடுத்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டாள். பக்கத்தில் அவளுடைய அக்கா. செருப்புச் செய்தியைச் சுடச்சுடக் கொண்டுவந்து சேர்த்த புண்ணியவதி அவள்தான்.

"கல்யாணமாகி இத்தனை வருஷம், ஒரு புழு பூச்சி இல்ல. ஆம்பளை வேற எடம் தேடத்தான் செய்வான். நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள் அக்கா.

"அண்ணி, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

"நான் எதுக்கு தம்பி சும்மா இருக்கணும்? செருப்பைக் கழட்டிப் போட்டது நானா?"

அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றாள் ஆஸ்பத்திரிக்காரி. கையில் நெட்டையின் அளவு டேப். மறந்துவிட்டுப் போயிருக்கிறார். நான் நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காய் பாதியிலேயே நின்றது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இவரை எழுப்பாம விட்டது என் தப்புதான். நான் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்துட்டேன்" என்றாள் நெட்டையின் மனைவியைப் பார்த்து.

"கேட்டியாடி! உட்கார்ந்து பார்த்தாளாம்!" அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"என் வேலையே அதாங்க. தூங்குறவங்க தலையிலயும் நெஞ்சுலயும் ஒயர் மாட்டிவிட்டு, விடிய விடிய அவங்க எப்படித் தூங்குறாங்கன்னு பார்க்கிறது."

தூங்குகிறவனைப் பார்க்கச் சம்பளமா? எனக்கு இதுவே புதிது. இந்தத் தெருவில் நான் எத்தனை வருஷமாகச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

"இவர் படுத்தார். 'தோள்பட்டை கிட்ட கொஞ்சம்'னு ஏதோ சொல்ல ஆரம்பிச்சார், முடிக்கல, தூங்கிட்டார். எழுப்பலாம்னு கிட்ட போனேன். மூச்சு நின்னுபோச்சு. பயந்துட்டேன். அப்புறம் காலை உதைச்சுக்கிட்டு, திணறி, மறுபடி மூச்சு வந்துது. திரும்பத் திரும்ப அதேதான். உடம்பு ஒவ்வொரு தடவையும் கரையேறிக்கிட்டே இருக்கு, இவருக்கு ஒண்ணும் தெரியல. அதைப் பார்த்தப்புறம் என்னால எழுந்து போக முடியல." கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்: "வீட்ல ராத்திரி தூங்குறாராக்கா?"

மனைவியின் குரல் வந்தது. அத்தனை நேரம் கத்தியவள் குரலா என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"எங்க தூங்குறார். புரண்டு புரண்டு படுப்பார். அப்புறம் எந்திரிச்சு சமையக்கட்டுக்கும் வாசலுக்கும் நடப்பார். கேட்டா ஒண்ணுமில்லம்பார். என்கூடப் படுக்கப் பிடிக்கலைன்னு நெனச்சேன்."

"அடிப்பாவி" என்றார் நெட்டை. "நான் புரண்டா உன் தூக்கம் கெடுதேன்னுதான் நடந்தேன்."

பெட்டி அங்கேயே இருந்தது. அதை யாரும் தூக்கவும் இல்லை, உள்ளே வைக்கவும் இல்லை.

பிறகு நடந்ததை நெட்டையின் மனைவி துணி காயப்போடும்போது எனக்குச் சொன்னாள். ஒளிவு மறைவாக அல்ல. "எல்லார்கிட்டயும் சொல்லச் சொல்லிட்டார். என்னை மாதிரி இன்னும் எவனாவது முழிச்சுக்கிட்டுக் கிடப்பான், அவனும் போய்க் காட்டட்டும்ங்கிறார்" என்றாள். என் ஆயுசில் அனுமதியோடு எனக்குக் கிடைத்த முதல் செய்தி அது. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

அவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஒயர் மாட்டினார்கள். கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருந்ததாம். காலையில் பார்க்க வந்த டாக்டர், மூச்சுக் கோளாறைச் சொல்லிவிட்டு, அவருடைய நீளமான கைகாலையும் சரியாக முளைக்காத தாடியையும் பார்த்துக்கொண்டே நின்றாராம். குழந்தை இருக்கா என்று கேட்டாராம். பிறகு ரத்தம் எடுக்கச் சொன்னார்.

நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் நூல் மாதிரி குரோமோசோம்கள் உண்டாம், நாற்பத்தாறு. அதில் ஆணென்றால் ஒரு எக்ஸ், ஒரு ஒய். நெட்டைக்கு எக்ஸ் ஒன்று கூடுதல். மொத்தம் நாற்பத்தேழு. டாக்டர் திரையில் காட்டினாராம். எல்லாம் ஜோடி ஜோடியாக நிற்க, கடைசி வரிசையில் மட்டும் மூன்று பேர்.

"அப்ப தம்பி பாதி பொம்பளையா?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"முழு ஆம்பளைதான்க்கா. கூட ஒண்ணு வச்சிருக்கார், அவ்வளவுதான். உனக்கு வாய் கூட இருக்கிற மாதிரி" என்றாளாம் தங்கை.

உயரம் அதனால்தான். குழந்தை இல்லாததும் அதனால்தான். இத்தனை வருஷமாக மருந்தும் ஊசியுமாகச் சோதனை எல்லாம் இவளுக்குத்தான் நடந்தது. அவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. இந்த அமைப்புள்ள ஆண்கள் பலருக்குத் தூக்கமும் சரியாக இருப்பதில்லை, பகலெல்லாம் அசதி, ஏன் என்று முழுதாக இன்னும் தெரியவில்லை என்று டாக்டரே சொன்னாராம். ஆயிரம் ஆண்களில் ஒருவர் இருவர் இப்படி இருப்பார்கள், பாதிக்கு மேல் தெரியாமலே வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள் என்றும் சொன்னாராம்.

அதைக் கேட்டுவிட்டு நான் ஈரத்துணியோடு நின்றுவிட்டேன். இந்தத் தெருவில் எவர் வீட்டு உலையில் என்ன கொதிக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த மனுஷன் தாய்க்கே தான் உண்டானது தெரியாத நாளில் ஒரு நூல் கூடுதலாக வந்து சேர்ந்திருக்கிறது. முடியில், நகத்தில், நாங்கள் கேலி பண்ணிய அந்தப் பாதத்தில், எங்கே தொட்டாலும் அது இருந்திருக்கிறது. ராத்திரிக்கு ராத்திரி அவரை எழுப்பிச் சமையக்கட்டுக்கு நடக்கவைத்திருக்கிறது. எதிர் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு நான் என்னத்தைப் பார்த்தேன்? செருப்பைப் பார்த்தேன்.

உடம்பில் குறைவாக இருந்த ஆண் ஹார்மோனுக்கு ஊசி போட்டார்கள். தூங்கும்போது மாட்டிக்கொள்ள மூச்சுக்கான முகமூடி கொடுத்தார்கள். உடனே சொஸ்தமாகிவிடவில்லை. சில நாள் முகமூடியைக் கழற்றி எறிந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் தன் வீட்டில், தன் கட்டிலில் தூங்கினார். மனைவி ஜன்னலண்டை வந்து, உதட்டில் விரல் வைத்து என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். நான் குக்கரை அணைத்துவிட்டு வெளியே சைகை காட்டினேன். கீழ்வீட்டுக்காரர் டிரில்லிங் மிஷினை நிறுத்தினார். பழ வண்டிக்காரன் கூவாமல் தள்ளிக்கொண்டு போனான். எங்கள் தெரு வாய் மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த மௌனத்தில் அவருடைய முகமூடி வழியாக ஒரு மூச்சு, ஒரே சீராக, போய்ப் போய் வந்தது. கோயில் வாசலில் நிற்பதுபோல நான் நின்றேன்.

எழுந்து வந்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்ன, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றார்.

பெட்டி அக்காவோடு போனது. அவள் தன் மகனோடு இருக்க வேற்றூருக்குக் குடிபோனபோது, தங்கை அதைத்தான் கொடுத்தனுப்பினாள். ஆஸ்பத்திரிக்காரி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரை போய்விட்டாள். அவளுக்கு இரட்டை மெத்தை தைத்தது நெட்டைதான். கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் கைகட்டி ஓரமாக நின்றாராம். படுத்துப் பார்த்தது அவர் மனைவி.