அருண்குமாரின் கொசுத் தைலம்

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு உதிரிபாகப் பட்டறை நடத்திய அருண்குமார், யூடியூப் புண்ணியத்தில் முக்கால் வைத்தியராகியிருந்தார். கடையில் விற்கும் கொசு மருந்தெல்லாம் அவருக்கு விஷம். அதனால் கற்பூரத்தை அள்ளிப் போட்டுத் தேங்காயெண்ணெயில் கரைத்து, தானே ஒரு தைலம் செய்தார். ஊற்றி வைக்க அவருக்கு அகப்பட்டது மகள் நந்திதாவின் காலி ஜூஸ் பாட்டில். பிளாஸ்டிக்கை வீணாக்காததும் இயற்கைச் சேவைதானே!

"எட்டாத இடத்துல வையுங்க," என்றாள் மனைவி லோகப்பிரியா.

"ஏனம்மணி, இதென்ன ஆசிடா? சாமிக்குக் காட்டற கற்பூரம்."

ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு வயது நந்திதா அதை எடுத்து ஒரு மடக்கு விழுங்கினாள். லோகப்பிரியா ஓடிப்போய்ப் பிடுங்குவதற்குள் வாயெல்லாம் கற்பூர நெடி. கொஞ்ச நேரத்தில் கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

பக்கத்து வீட்டுப் பாப்பாயி வந்து, இரும்பு பட்டால் வலிப்பு நிற்கும் என்றாள். அருண்குமார் கைக்குக் கிடைத்த சாவிகளையெல்லாம் குழந்தையின் கையில் திணித்தார். பிறகு கார் சாவியைக் காணோமென்று வீடெல்லாம் தேடினார்.

"உப்புத்தண்ணி குடுத்து வாந்தியெடுக்க வையுங்க!" என்றாள் பாப்பாயி அடுத்ததாக.

"வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க!" என்று கத்திய லோகப்பிரியா, மகளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். இழுப்பு தளர்ந்ததும், அவள் கையில் திணித்திருந்த கார் சாவியை எடுத்துக் கணவரிடம் வீசிவிட்டு, பாட்டிலோடு அவளைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டீனா என்ன நடந்ததென்று கேட்டார்.

"ராத்திரி லேசாக் காய்ச்சலுங்க," என்றார் அருண்குமார், கூசாமல்.

லோகப்பிரியா பாட்டிலை மேசைமேல் வைத்தாள். "கற்பூர எண்ணெய்ங்க. இதைக் குடிச்சுப்போட்டா. இவர் செஞ்சது."

மூடியைத் திறந்து முகர்ந்த டாக்டர் உடனே குழந்தையை ஐ.சி.யூ.வுக்கு அனுப்பி, மறுபடி வந்த வலிப்பை ஊசி போட்டு நிறுத்தினார். "சின்னக் குழந்தைக்கு ஒரு மடக்கே ஜாஸ்தி. உயிரே போயிருக்கும்."

"ஆனா நேச்சுரலுங்களே..."

"அரளி விதையும் நேச்சுரல்தான். வேற யாருக்காவது குடுத்திருக்கீங்களா?"

அருண்குமார் ஆராய்ச்சி செய்வதுபோல் தரையைப் பார்த்தார்.

"தெருவுக்கே குடுத்தாருங்க," என்றாள் லோகப்பிரியா. "குழந்தைங்க இருக்கற ஊடாப் பாத்துப் பாத்து."

வராந்தாவில் நின்று அருண்குமார், தைலம் வாங்கிய எதிர்வீட்டுக்குப் போன் போட்டார். "சாய்ப்ரியாங்களா? அந்தத் தைலம் கொஞ்சம் வீரியம் கூடிப்போச்சுங்க..."

"விஷம்னு சொல்லுங்க," என்றாள் பக்கத்தில் நின்ற லோகப்பிரியா.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "விஷமுங்க. குழந்தை கைக்குப் போகாமப் பாத்துக்கங்க."

மாலையில் நந்திதா கண் விழித்து, ஊசி போட வந்த நர்ஸை அடிக்கக் கை ஓங்கினாள். அதைப் பார்த்ததும் அருண்குமார் சுவரைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். லோகப்பிரியா அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இன்னும் யாருக்குச் சொல்லோணும்?" என்று கேட்டு, போனை அவர் கையில் கொடுத்தாள்.