வெள்ளவத்தையில் ஏறிய பிள்ளை

கமறியா ஆறு வருடமாகப் பாடசாலை வேன் ஓட்டுகிறாள். பள்ளிவாசல்துறையிலும் பக்கத்து ஊர்களிலும் பிள்ளைகளை ஏற்றிக் கற்பிட்டியில் இறக்குவாள்; மத்தியானம் திரும்பக் கூட்டிவந்து வீட்டு வாசலில் விடுவாள். அவளுடைய தம்பி கட்டாருக்குப் போகும்போது விட்டுப்போன வெள்ளை வேன் அது. "சும்மா நிண்டா துருப் புடிச்சிரும் றாத்தா, ஓட்டிப் பழகுங்க" என்று அவன் சொன்னதை ஊரில் பலர் பகிடியாக எடுத்தார்கள். அவள் எடுக்கவில்லை.

ஆனால் சிலாபத்துக்கு அங்கால் அவள் ஒருநாளும் ஓட்டியதில்லை. அதனால், மகள் றுஷ்னாவுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, விடுதிக்குச் சாமான்களோடு போகவேண்டிய நாள் நெருங்கியபோது, "நானே கொண்டு போய் உடுறன்" என்று அவள் சொன்னதை வீட்டில் யாரும் முதலில் நம்பவில்லை.

"கொழும்புக்கா?" என்றார் அவள் கணவர் நஜாத்.

"கொழும்பத் தாண்டி."

நஜாத் மீன்பிடிக்காரர். எந்தக் காற்றிலும் படகைக் கரைசேர்த்துவிடுவார். தரையில் சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டத் தெரியாது. கடலில் ஒருநாளும் தலை சுற்றாத மனிதருக்கு வேனில் ஏறினால் பாலாவிச் சந்தி வருவதற்குள் வயிற்றைப் புரட்டும். ஆனாலும், "அப்ப நானும் வாறன்" என்றார்.

போகும் நாளிலும் கமறியா காலை ஓட்டத்தை விடவில்லை. "மத்தியானம் பக்கத்து வீட்டு ஃபைஸல் அவன்ட வேன்ல கூட்டி வருவான். காலம்பற நான் வராட்டி சின்னதுகள் ஏறமாட்டேன் எண்டு அடம் புடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த பிறகுதான் மெத்தையும் சூட்கேஸும் பக்கெட்டும், பாண் பெட்டி நிறையப் பொரித்த கருவாடும் சீனிச் சம்பலும் வேனில் ஏறின. றுஷ்னா முன் ஆசனத்தில் போனில் வரைபடத்தோடு உட்கார்ந்தாள். நஜாத் பின்னால், கதவோரமாக, குமட்டல் வராமலிருக்கக் கையில் ஒரு தேசிக்காயை நசுக்கி மணந்தபடி உட்கார்ந்தார். நாலு மணிக்குள் விடுதிக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

சிலாபம் வரைக்கும் கமறியா தன் வீட்டு முற்றத்தில் ஓட்டுவதுபோல ஓட்டினாள். நீர்கொழும்பு தாண்டியதும் பாதை இறுகியது. வத்தளையில் ஒரு பஸ் உரசிக்கொண்டு போனதில் பக்கக் கண்ணாடி மடிந்தது. "யா அல்லாஹ்!" என்றார் நஜாத். கமறியா கையை நீட்டிக் கண்ணாடியைத் திரும்ப விரித்தாள்.

"உம்மா, இடப்பக்கம்... இல்ல, இல்ல, வலம்!"

"ஒண்டச் சொல்லு புள்ள."

"அது சுத்துது உம்மா, நான் என்ன செய்ய?"

கோட்டைப் பக்கம் ஒரே மணிக்கூட்டுக் கோபுரத்தை இரண்டு தரம் பார்த்தார்கள். இரண்டாம் தரம் பார்த்தபோது றுஷ்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கமறியாவுக்கு வரவில்லை. ஒருவழியாகக் தெற்கே காலி நகருக்குப் போகும் காலி வீதியைப் பிடித்து வெள்ளவத்தைக்கு வந்தபோது பள்ளிக்கூடங்கள் விடும் நேரமாகிவிட்டது.

ஒரு பெண்கள் பாடசாலைக்கு முன்னால் எல்லாம் நின்றது. பஸ், ஆட்டோ, கார், வரிசையாக வெள்ளை வேன்கள். வேனுக்குள் அனல் அடித்தது. மூச்சு முட்டிய நஜாத் கதவை இழுத்துத் திறந்துவிட்டு, கண்ணை மூடித் தேசிக்காயை மூக்கில் வைத்துக்கொண்டார்.

முன்னால் வாகனங்கள் அசைந்தன. பொலிஸ்காரர் விசில் ஊதினார். நஜாத் கதவைச் சாத்தினார். வேன் புறப்பட்டுக் கொஞ்சத்தூரம் போனபிறகு பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"அன்ட்டி, மற்றப் பிள்ளையள் எங்கை?"

கமறியா கண்ணாடியில் பார்த்தாள். மெத்தைக்குப் பக்கத்தில், வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாக, முதலாம் வகுப்பு வயதுள்ள ஒரு பெண்பிள்ளை தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆர் இது?" றுஷ்னா திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

"தானா ஏறிச்சி" என்றார் நஜாத். "நான் இடம் உட்டன்."

"ஏன் வாப்பா இடம் உட்டீங்க?"

"புள்ள ஏறினா இடம் உடத்தானே வேணும்?" சொல்லி முடித்ததும்தான் அவருக்கு விஷயம் உறைத்தது. முகம் வெளுத்தது. "கமறியா, நிப்பாட்டு. வெள்ள வேன்ல ஊராண்ட புள்ள. ஆக்கள் கண்டா கடத்திட்டுப் போறம் எண்டுதான் நினைப்பாங்க. நம்மள உசிரோட உடுவாங்களா?"

நிறுத்த இடமில்லை. பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. கமறியா கண்ணாடியில் பிள்ளையைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து வந்தது, தினமும் காலையில் தன் வேன் பிள்ளைகளோடு கதைக்கும் அதே குரல்.

"மகள், உங்கட பேரென்ன?"

"டிலுக்ஷி."

"டிலுக்ஷிட வேன ஆரு ஓட்டுற?"

"சிவகரன் அங்கிள். இண்டைக்கு ஏன் நீங்கள் வந்தனீங்கள்?"

"அங்கிளிட்ட உங்களக் கொண்டு போய் உடத்தான் வந்த. அம்மாட போன் நம்பர் தெரியுமா?"

"அது அம்மான்ட போனில இருக்கு."

றுஷ்னா போனைக் கையில் இறுக்கிப் பிடித்தாள். இந்தமுறை அவள் குரலில் தடுமாற்றமில்லை. "உம்மா, அடுத்த லைட்ல வலப்பக்கம் திரும்புங்க. கடலோரப் பாதை ஒண்டு ஈக்கு. அதால பின்னுக்குப் போய், பள்ளிக்கூடத்துக்கு அங்கால காலி வீதில ஏறலாம்."

கமறியா திரும்பினாள். ஒடுங்கிய ஒழுங்கை ஒன்று கடலை நோக்கி இறங்கியது. ரயில் தண்டவாளமும் அதற்கு அப்பால் கடலும் தெரிந்ததும் நஜாத் நன்றாக மூச்சு விட்டார். "பாருங்க மகள், கப்பல்" என்று பிள்ளைக்குக் காட்டினார். "எங்க? எங்க?" என்று அவள் எழும்பி அவர் மடியில் கை ஊன்றி எட்டிப் பார்த்தாள். றுஷ்னா ஒவ்வொரு சந்தியையும் முன்கூட்டியே சொல்ல, கமறியா அடுத்தடுத்துத் திரும்பி, மறுபடி காலி வீதியில் ஏறிப் பாடசாலை வாசலுக்கு வந்தாள்.

வாசலில் ஒரு மனிதர் ஒவ்வொரு வேனுக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டு ஓடினார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. றுஷ்னா பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கியதைக் கண்டதும் பாய்ந்து வந்தார்.

"ஆர் நீங்கள்? பிள்ளையை எங்கை கொண்டு போனனீங்கள்?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கமறியா இறங்கி வந்தாள்.

"தம்பி, நானும் ஸ்கூல் வேன்தான் ஓட்டுற. கற்பிட்டியில. என்ட புள்ளய மொறட்டுவ கம்பஸுக்குக் கொண்டு போறன். கதவு தொறந்து கெடந்திச்சி, உங்கட புள்ள மாறி ஏறிட்டு. கண்ட உடன திரும்பிட்டம்."

சிவகரன் அவளைப் பார்த்தார். வேனின் நெற்றியிலிருந்த 'பாடசாலைச் சேவை' பலகையைப் பார்த்தார். உள்ளே மெத்தையையும், தேசிக்காயோடு இருந்த நஜாத்தையும் பார்த்தார். பிறகு அப்படியே வேனின் மிதிபலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் அக்கா. கால் ரெண்டும் விட்டுப்போச்சு."

கமறியா தன் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தாள். "குடிங்க. எனக்கும் அப்புடித்தான் ஈக்கு."

"அங்கிள், இந்த வேனில மெத்தை இருக்கு" என்றாள் டிலுக்ஷி. "எங்கட வேனிலயும் போடுவமா?"

சிவகரனுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "கம்பஸ் எண்டால் கட்டுபெத்தைதானே? நான் இரத்மலானை மட்டும் போறன். என்ரை பின்னாலயே வாங்கோ அக்கா. ஆர் இடையில பூந்தாலும் விட்டிடாதேங்கோ."

அதன்பிறகு வழி இலேசாயிற்று. முன்னால் சிவகரனின் வேன், பின்னால் கமறியாவின் வேன். அவர் பாதை மாறுமுன் நேரத்தோடு சிக்னல் போட்டார். அவள் வேனும் வந்து சேர்ந்த பிறகே வேகம் பிடித்தார். பின்கண்ணாடியில் நெருக்கியடித்த பிள்ளைகள் எல்லாரும் றுஷ்னாவுக்குக் கைகாட்டினார்கள். அவளும் தெஹிவளை முழுக்கக் கைகாட்டிக்கொண்டே வந்தாள். ஒரு பஸ் இரண்டு வேனுக்கும் நடுவில் மூக்கை நுழைத்து ஹோர்ன் அடித்தது. கமறியா விட்டுக்கொடுக்கவில்லை, அவளும் அடித்தாள். "அடி, அடி!" என்றார் பின்னாலிருந்து நஜாத்.

இரத்மலானையில் சிவகரன் கையை வெளியே நீட்டி நேரே போகும்படி காட்டிவிட்டு ஒரு குறுக்குத் தெருவுக்குள் திரும்பினார்.

விடுதிக்கு நேரத்துக்கே வந்துவிட்டார்கள். ஆண்கள் மேலே போகக்கூடாதென்று பொறுப்பாளர் சொன்னதால் நஜாத் மெத்தையைப் படியடிவரை சுமந்து கொடுத்துவிட்டு, கீழே கதிரையில் உட்கார்ந்தார். மேலே அறையில் சிலாபத்துப் பிள்ளை ஒருத்தி ஏற்கெனவே வந்திருந்தாள். ஊரைச் சொன்னதும் இருவரும் பஸ் இலக்கத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். கமறியா கட்டிலில் விரிப்பை விரித்தாள். பிறகு செய்ய ஒன்றுமில்லாமல் நின்றாள்.

"லீவுக்கு நாங்க ரெண்டு பேரும் பஸ்ல வாறம் உம்மா. நீங்க கஷ்டப்படாதீங்க."

"வரக்குள்ள பஸ்ல வா" என்றாள் கமறியா. "திரும்பக் கொண்டு வந்து உடுறது நான்தான்."

றுஷ்னா அவளைக் கட்டிப்பிடித்தாள். இருவருக்கும் கண் கலங்கியது, ஆனால் அந்த மற்றப் பிள்ளை கருவாட்டுப் பெட்டியைத் திறந்து, "அல்லாஹ், நல்ல வாசம்!" என்றதில் அழுகை வந்த வழியே போய்விட்டது.

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துக் கடையில் நஜாத்தும் கமறியாவும் கறிபணிஸும் பிளேன்டீயும் எடுத்தார்கள். நஜாத்துக்குக் காலைக்குப் பிறகு இப்போதுதான் பசித்தது. இரண்டாவது பணிஸைக் கையில் எடுத்துக்கொண்டு, "அடுத்தமுறை சிலாபத்திலிருந்து கோச்சியில வருவமா?" என்றார்.

"நீங்க கோச்சியில வாங்க" என்றாள் கமறியா. "நான் வேன்ல வந்து உங்களுக்காக ஸ்டேஷன்ல நிக்கிறன்."

நஜாத் சிரித்தார். தேநீர் ஆறும்வரை அவர்கள் அவசரப்படவில்லை. தெருவில் மாணவர்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கமறியா இன்னொரு பிளேன்டீ கேட்டாள்.