கை மட்டும் அவளுடையது

எங்கள் சலவைக் கடையில் சட்டை தேய்க்கக் கொடுக்க வந்த ஓவியர், என் முகத்தைப் பார்த்து அசந்துபோய்விட்டார். துளிகூடப் பாசாங்கு இல்லாத முகமாம். என்னை வரைந்து, ‘உள்ளது உள்ளபடி’ என்று பெயர் வைத்துக் கண்காட்சியில் மாட்டப்போவதாகச் சொன்னார். இருபது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போதாவது ஒருத்தர் கண்டுபிடித்தாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

முகம் நான்கு நாளில் முடிந்தது. கைக்கு வந்தபோதுதான் ஓவியர் இழுக்க ஆரம்பித்தார். உழைத்த கை மாதிரி இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். ரசீது கிழிக்கிற கை வேறு எப்படி இருக்கும்? எங்கே படத்தையே விட்டுவிடுவாரோ என்று எனக்குப் பகீரென்றது. கைதானே, உள்ளே ஒரு ஜோடி இருக்கிறது என்று சொல்லி, இஸ்திரி மேசையிலிருந்து என் கொழுந்தன் பெண்டாட்டியைக் கூப்பிட்டேன். ஏன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. இரண்டு மத்தியானம் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனாள். இதைப் பற்றி வெளியே மூச்சுவிடுவதில்லை என்று நானும் ஓவியரும் பேசிக்கொண்டோம்.

கண்காட்சியின் முதல் நாள் குடும்பத்தோடு போனோம். என் முகத்தை ஒருவரும் சீந்தவில்லை. வந்தவர்கள் எல்லாம் கையைப் பார்த்துப் பார்த்து உருகினார்கள். இந்தக் கை பொய் சொல்லாது என்றார் ஒரு பெரிய மனிதர். ஓவியர் விட்டத்தைப் பார்த்தார். நான் என் கைகளைக் கைப்பைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

அங்கே வந்திருந்த பத்திரிகைக்காரி ஒருத்தி, படத்தில் இடது கட்டைவிரலுக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டி, அது எப்படி வந்தது என்று என்னிடம் கேட்டாள். கொழுந்தன் பெண்டாட்டி வந்து பன்னிரண்டு வருஷமாக ஒரே கடை, ஒரே வீடு. அப்படி ஒரு தழும்பு இருப்பதே எனக்குத் தெரியாது. என் பக்கத்திலேயே நின்ற அவள் வாயைத் திறந்தால் என் மானம் கப்பலேறிவிடும். நான் புளுகத் தெரியாதவள் இல்லை. ஆனாலும் அந்தத் தழும்புக்கு ஒரு கதை கட்ட எனக்கே வெட்கமாக இருந்தது.

“அது என் கை இல்லம்மா, இவளோடது,” என்று அவளை முன்னால் இழுத்து நிறுத்தினேன். “நீயே சொல்லு. எப்படி வந்துச்சு?”

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “ஒரு வெள்ளைச் சட்டை தேச்சிட்டிருந்தேன். இன்னுமா முடியலன்னு அக்கா கல்லாவிலேருந்து சத்தம் போட்டாங்க. தூக்கிவாரிப் போட்டுச்சு, பெட்டி கையில பட்டுருச்சு.”

பத்திரிகைக்காரி என் பக்கம் திரும்பினாள். அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள்.

அந்த நாள் எனக்கு நன்றாகவே நினைவிருந்தது.

“சட்டை கருகிருச்சான்னு கேட்டேன்,” என்றேன்.